பர்த்தலமேயு சாமியின் தோலில் ஒரு கழிசல் வெட்டு

நாற்பத்தைந்து வருஷம் பிரஷ் பிடித்துப் பிழைத்தவன் நான். அத்தனை வருஷத்தில் என் மாஸ்டர் ஒரே ஒரு தடவைதான் என்னைப் பாராட்டினார். அதுவும் நான் செய்த ஒரு தப்புக்காக. சுண்டுவிரல் நகம் அளவு தப்பு. அது தப்பு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை எழுதச் சொன்னவர்கள் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிகள். போன மாதம் ஒரு மாதா படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தை வெளுப்பாக்கி, பத்து நிமிஷத்தில் பத்தடிக்கு அடித்துக் கொடுத்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்கள்லாம் எப்படி சார் செஞ்சீங்க? ரொம்ப பேஜார் புடிச்ச வேலை எது?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் நான் கிளைக்குக் கிளை தாவுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீடு தறி வீடு. அப்பா லுங்கி நெய்தார். எனக்குத் தறிக்குழியில் கால் நிற்காது, சுவரில் கரி நிற்கும். பதினேழு வயதில் வேலூருக்கு ஓடிப்போய், கோட்டைக்குப் போகிற வழியில் படக்கடை வைத்திருந்த இன்னாசி மாஸ்டரிடம் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் வஜ்ஜிரப் பசை காய்ச்சினேன், துணி இழுத்துக் கட்டினேன், பிரஷ் கழுவினேன். அடுத்த மூன்று வருஷம் வானம் போட்டேன். வானம், மேகம், தரை, பிறகு துணி மடிப்பு. முகத்துக்கு வருவதற்குள் எனக்கு மீசை முற்றிவிட்டது.

மாஸ்டர் எங்கள் ஜில்லாவில் பாதி மாதா கோயில்களுக்குச் சாமி படம் எழுதியவர். மெலிந்த உடம்பு. வெள்ளை டிரில் கோட்டு. அந்தக் கோட்டில் ஒரு பொட்டு வர்ணம் பட்டு நான் பார்த்ததில்லை. நானோ வீட்டுக்குப் போனால் காதுக்குப் பின்னால்கூட நீலம் இருக்கும். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும் அவருக்கு. "வாங்கய்யா ஓவியரே, உக்காருங்க" என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம். ஒரு படம் முடிந்தால் அதை மூன்று நாள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். நாலாவது நாள் காலையில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியில் அதைப் பார்ப்பார். கண்ணாடியில் இடம் வலம் மாறுகிறபோது கோணல் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். பார்த்து முடித்து, "ம். கம்மியாத்தான் கெட்டுப் போயிருக்குது" என்பார். அதுதான் அவர் வாயிலிருந்து வருகிற உச்சபட்ச சர்டிபிகேட்.

நான் இந்து. எனக்கு இந்தச் சாமிகளில் யார் யார் என்று ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் அங்கி, எல்லாருக்கும் தலைக்குப் பின்னால் தட்டு. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மூஞ்சியப் பாத்து யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்கடா. கையில இன்னா இருக்குதுன்னுதான் பாப்பாங்க" என்றார் மாஸ்டர். "சாவி இருந்தா ராயப்பர். வாள் இருந்தா சின்னப்பர். லீலிப்பூவும் குழந்தையும்னா அந்தோனியார். உடம்பு முழுக்க அம்புன்னா செபஸ்தியார். குருத்தோலை புடிச்சிருந்தா வேதத்துக்காக உசுரு விட்டவருன்னு அர்த்தம். கைய தப்பா போட்டியானா சாமியே மாறிப் போய்டுவாரு. பூசை வேறவருக்குப் போய்டும்."

இன்னொன்றும் சொல்லுவார். அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். "கண்ணுக்கு எது தெரியுதோ அத போடு. நீயா நெனச்சிக்கினு எதையும் போடாதே."

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் ஓர் ஊரிலிருந்து நாலு பேர் வந்து கடை வாசலில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "வேணாம் சார், வாடை அடிக்கும்" என்றார் முன்னால் நின்றவர். பேர் மரியதாஸ். அங்கே ஒரு சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிற மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்து, நகக்கண்ணில் ஆவாரம்பட்டைச் சாயம் ஏறிப் போயிருந்தது. மாஸ்டர் எழுந்து வெளியே போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். அவர்கள் பங்குக் கோயில் திருவிழாவில் ஏழெட்டு சப்பரம் வரும். தச்சர்களுக்குச் சூசையப்பர் சப்பரம், மற்றத் தெருக்காரர்களுக்கு அவரவர் சாமி. தோல் ஷாப் ஜனங்களுக்கு மட்டும் சப்பரம் கிடையாது. எல்லாம் போன பிறகு, பத்தடி இடைவெளி விட்டு, கடைசியில் நடந்து வரவேண்டும். கேட்டால் வாடை என்பார்கள். வாடை ஒரு சாக்கு என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

"பழைய பங்குச் சாமியார் மாறிட்டாரு சார். புதுசா வந்தவரு நல்ல மனுஷன். தோல் வேலைக்காரங்களுக்குன்னே ஒரு சாமி கீறாரு, அர்ச்சியசிஷ்ட பர்த்தலமேயுன்னு சொன்னாரு. உங்க சாமி படம் திருவிழாவுக்குள்ள வந்துட்டா, மந்திரிச்சி சப்பரத்துல வெச்சி, மூணாவதா வுட்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. ஒரே ஒரு வாட்டி, சார். நாங்களும் எங்க சாமிய தோள்ல தூக்கிக்கினு பெரிய தெருவுல நடந்து பாக்கணும்."

மாஸ்டர் பொடி டப்பாவை எடுத்தார், திறக்காமலே திரும்ப வைத்துக்கொண்டார். "செஞ்சிடலாம்" என்றார்.

அவர்கள் போன பிறகுதான் அந்தச் சாமியின் கதையைச் சொன்னார். பர்த்தலமேயு இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர். அவரை உயிரோடு தோலுரித்துக் கொன்றார்களாம். அதனால் படத்தில் அவர் கையில் கத்தி இருக்கும், இன்னொரு கையில் தொங்குவது அவருடைய சொந்தத் தோல். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீமைப் படங்களின் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒன்றில் அந்தத் தோலில் முகமே இருந்தது. ஐயோ சாமி என்று மூடிவிட்டேன்.

பங்குச் சாமியார் கண்டிஷனோடுதான் சம்மதித்திருந்தார். கடுதாசி அனுப்பினார். ரத்தம் கூடாது, தோலில் முகம் கூடாது, பிள்ளைகள் பார்த்து அழக்கூடாது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, "ரத்தம் கூடாதுன்னாரு, சரி. செவப்பு கூடாதுன்னு சொல்லலியே" என்றார். மேலங்கி முழுக்கச் சிவப்பு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சிந்தவேண்டிய ரத்தமெல்லாம் அங்கியில் போய்ச் சேர்ந்தது. தோல் இடது கையில் மாப்பிள்ளை அங்கவஸ்திரம் மாதிரி மடிந்து தொங்கவேண்டும். அதற்குப் பின்னால் சிவப்பு. வலது கையில் கத்தி.

கத்திக்கு ஒரு சண்டை நடந்தது. மாதிரி வரைபடத்தைப் பார்க்க வந்த மரியதாஸ், "சார், இது கசாப்புக் கத்தியாச்சே. எங்க கத்திக்கு ரெண்டு பக்கமும் புடி இருக்கும். வளைஞ்சிருக்கும். சதைய வழிக்கிறது. அத குடுங்க" என்றார்.

"மேஸ்திரி, அது அவரைக் கொன்ன கத்தி. வேலை செய்யிற கத்தி இல்ல" என்றார் மாஸ்டர்.

"எங்களுக்கு சில நாளு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் மரியதாஸ், சிரித்துக்கொண்டே. ஆனாலும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்போது மாஸ்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. முகமும் கையும் நான் எழுதுகிறேன், நீ தோலை எழுது என்று சொல்லிவிட்டார். வானமும் துணி மடிப்பும் மட்டும் எழுதியவனுக்குத் தோல்! கற்பனையில் எழுத வராது என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைத்தானே போடவேண்டும்? தோலைப் பார்க்க பஸ் ஏறினேன்.

நான் போன அன்றைக்கு மரியதாஸ் ஷாப்பில் இல்லை. சாயபு வேலையாக ராணிப்பேட்டை அனுப்பியிருந்தார். இதை இங்கே குறித்துவைத்துக் கொள்ளுங்கள், மீதி வினை எல்லாம் இதிலிருந்துதான். சாயபு நல்ல பருத்த மனிதர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "அரே, நம்ம தோலுல சாமி படமா? பேஷ்! ஆனா நல்ல மால் குடுக்க முடியாது தம்பி, எல்லாம் மெட்ராசுக்குக் கட்டு கட்டியாச்சு. அதோ, அந்த மூலையில கெடக்குது பாரு. அதுல ஒண்ணு எடுத்துக்கினு போ, வேலை முடிஞ்சா கொண்டாந்து போட்டுடு."

மூலையில் ஒரு குவியல் கிடந்தது. நான் குடைந்து குடைந்து ஒரு வெள்ளாட்டுத் தோலை எடுத்தேன். மடித்தால் அழகாக விழுந்தது. அதுதான் எனக்கு வேண்டியது. ஏன் மூலையில் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. அடி முட்டாளே என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

கடையில் வடக்கு ஜன்னல் ஓரம் கயிறு கட்டி அதை மாட்டினேன். பதினெட்டு நாள் எழுதினேன். தோலுக்கு இரண்டு முகம். ரோமம் இருந்த பக்கம் வழவழப்பாக வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சதை ஒட்டியிருந்த பக்கம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். முதல் பக்கத்துக்கு மஞ்சள் காவியும் வெள்ளையும் ஒரு சொட்டு எண்ணெய் கூட விட்டு, பட்டும் படாமலும் மேலே மேலே ஏற்றினேன். இரண்டாவது பக்கத்துக்கு எண்ணெயைக் குறைத்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஒற்றினேன். மடிப்பின் நிழலுக்குக் கறுப்பு போடாதே, அடியில் பச்சை மண் வர்ணம் பூசி அதையே கொஞ்சம் எட்டிப் பார்க்க விடு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். தோலின் ஓரத்தில், வால் பக்கம், ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு சின்ன வெட்டு இருந்தது. கண்ணுக்குத் தெரிகிறதே, போடாமல் விடலாமா? போட்டேன். அந்த வெட்டுக்குள் பின்னால் இருக்கிற சிவப்பு அங்கி தெரியவேண்டும் இல்லையா? அதையும் போட்டு, வெட்டின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடும் இழுத்தேன்.

படம் முடிந்த நாலாவது நாள் மாஸ்டர் கண்ணாடி பிடித்துப் பார்த்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, படத்தின் பக்கமே திரும்பிக் கிட்டே போனார்.

"இந்த வெட்டு உன் யோசனையா?"

"தோல்ல இருந்துச்சி மாஸ்டர்."

"ரொம்ப நல்லா வந்திருக்குதுடா" என்றார். "ரத்தம் ஒரு சொட்டு இல்ல. ஆனா கத்தி எங்க எறங்குச்சின்னு தெரியுது. நல்லா வந்திருக்குது."

டா போட்டுப் பாராட்டினார்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் இதைச் சொன்னேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் படத்தை லுங்கித் துணியில் சுற்றி, மூலைகளில் இடிபடாமல் அந்த ஆட்டுத்தோலையே வைத்துக் கட்டி, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுபோனேன். மாஸ்டர் மறுநாள் காலை வருவதாகச் சொன்னார். தோல் ஷாப் ஜனங்களின் குடிசைகளுக்கு நடுவில் ஒரு கூரைக் கோயில் இருந்தது. மத்தியானச் சங்கு ஊதி ஆட்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பட்டை இடிக்கிற பெண்கள் ஒரு பக்கம். நான் கல்யாண வீட்டில் திரை விலக்குகிற மாதிரி துணியை விலக்கினேன்.

"அம்மாடி!" என்று ஒரே குரல். சாமியின் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பிறகு கண்கள் கீழே இறங்கின. சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. நான் பயபக்தியில் அடங்கிவிட்டார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வெட்கக்கேடு.

மரியதாஸ் முட்டி போட்டுக் குனிந்து, அந்த வெட்டுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இத யாரு போட்டது தம்பி?"

"நான்தான். தோல்ல இருந்துச்சி மேஸ்திரி. எங்க மாஸ்டரே அத..."

"இதுக்கு எங்க ஷாப்புல இன்னா பேரு தெரியுமா? கழிசல் வெட்டு. தோலு ஒத்துவராதுன்னா வால் பக்கம் இப்படி ஒரு வெட்டு வெட்டி மூலையில வீசிடுவோம். அப்புறம் அத யாரும் தொட மாட்டாங்க."

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் ஒரு அறை விட்டான். பட்டை இடிக்கிற பெண்களில் மூத்தவள், செபமாலை அக்கா என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு இத தூக்கிக்கினு பெரிய தெருவுல போனா இன்னா சொல்லுவாங்க? அங்க கீற அத்தினி பேரும் தோல் யாவாரிங்க, கணக்கப்புள்ளைங்க. பாத்த ஒடனே தெரியும். கழிசலுங்க ஒரு கழிசல தூக்கிக்கினு வருதுங்கன்னு சொல்ல மாட்டானுங்களா? கடைசில நடந்தப்போகூட இந்த அசிங்கம் இல்லியே!"

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "எனக்கு இன்னாங்க தெரியும்? நான் தோலு வியாபாரியா? இருந்தத போட்டேன்!" என்று கத்தினேன். மரியதாஸ் மெல்லச் சொன்னார்.

"தம்பிய திட்டாதீங்க. அது என் வெட்டு. என் கத்தி எடது பக்கம் சாயும், பாருங்க, இதுவும் சாய்ஞ்சிருக்குது. இந்தத் தோல கழிச்சவனே நான்தான். சாமி வேணும் சாமி வேணும்னு வேலூருக்கு நடையா நடந்ததும் நானு. சாமிய கழிச்சதும் நானு."

அந்த மனிதர் அழுதார். ஐம்பது வயது ஆள், அத்தனை பேருக்கு முன்னால். நான் பெட்டியைத் திறந்து தட்டில் காவியையும் வெள்ளையையும் பிதுக்கினேன். வெட்டை மூடிவிடலாம் என்று சொன்னேனே ஒழிய அது சுலபம் இல்லை. காய்ந்த வர்ணத்தின் மேல் புது வர்ணம் பளபளவென்று தனியாகத் தெரியும். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். தோல் யாவாரிகளின் கண்ணுக்கு அந்த ஒட்டே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, மாஸ்டர் முடித்துக் கொடுத்த படத்தில் அவரைக் கேட்காமல் பிரஷ் வைத்த ஒருவனை அன்றைக்கே கடையை விட்டு அனுப்பியதை நான் என் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் பிரஷ்ஷை நனைத்தேன்.

"இருங்க தம்பி" என்று மரியதாஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூடாதீங்க. தையல் போடுங்க."

"இன்னா தையல்?"

"நான் கழிச்சி வீசுனத சில நாளு சாயபு வந்து பொறட்டிப் பாப்பாரு. இது நல்ல தோலு மரியதாஸு, நீ தப்பா கழிச்சிட்டேம்பாரு. அப்போ நான் அந்த வெட்டு மேல மூணு தையல் போடணும். போட்டா அது திரும்ப நல்ல கட்டுல சேந்துடும். தையல் போட்ட தோல அப்புறம் யாரும் கழிக்கக் கூடாது, சாயபுவே ஆனாலும். அது சட்டம். நான் தப்பு பண்ணேன்னு என் கையால ஒத்துக்கற மாதிரி அது. பெரிய தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செபமாலை அக்கா, "அட, ஆமால்ல?" என்றாள்.

தையல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் போட்டு ஒரு தடவை பட்டது போதும். மூலைக்கு வைத்துக் கட்டியிருந்த ஆட்டுத்தோலை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் கோணி ஊசியும் சணல் நூலும் வரவழைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, தான் வெட்டிய வெட்டைத் தானே தைத்தார். மூன்று தையல். ஒவ்வொன்றையும் இழுத்து முடிச்சுப் போடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அந்தத் தோலைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து நின்றார். நான் பார்த்துப் பார்த்து எழுதினேன். நூல் புடைத்துத் தெரியவேண்டும் என்று வெள்ளையைக் கெட்டியாக எடுத்து, இழைக்கு இழை வைத்தேன். நகம் அளவு இடம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பதினெட்டு நாள் எழுதிய தோலைவிட அந்த மூன்று தையல்தான் எனக்குக் கஷ்டமான வேலை.

மறுநாள் காலை மாஸ்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு, பொடி டப்பா. சப்பரத்தில் பூவுக்கு நடுவில் படம் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"வாங்கய்யா ஓவியரே" என்றார்.

தொலைந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். கழிசல், சாயபு, தையல், எல்லாம். அவர் பாராட்டிய வெட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் மறுபடியும் தையலுக்குக் கிட்டே குனிந்தார்.

"ஈரமா இருக்குதா?"

"ஈரம்தான் மாஸ்டர். காய நாலு நாள் ஆகும்."

"மந்திரிச்ச ஒடனே தொட்டு முத்தி செய்வாங்களேடா. தொட்டா போய்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர்கள் வழக்கம் அப்படி. சாமியை விரலால் தொட்டு, அந்த விரலை நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டு முத்தம் கொடுப்பார்கள். கயிறு கட்டித் தடுக்கலாம் என்று ஓடினேன். மாஸ்டர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். "வுடு. இத்தினி வருஷமா அவங்கள தள்ளி நில்லுன்னு சொன்னது போதும். நீயும் சொல்லாதே" என்றார்.

பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். வரிசை நகர ஆரம்பித்தது. எல்லாச் சாமிக்கும் பாதத்தைத்தான் தொடுவார்கள். இவர்கள் ஒருவர்கூடப் பாதத்தைத் தொடவில்லை. செபமாலை அக்கா முதலில் வந்து நேராகத் தையலைத் தொட்டாள். விரலில் ஒட்டிய வெள்ளையோடு நெற்றியில் சிலுவை போட்டாள். அடுத்தவள் தொட்டாள், தன் நெற்றியில் வைத்து, இடுப்பிலிருந்த குழந்தைக்கும் வைத்தாள். சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்த விரல்கள், சாயம் ஏறிய விரல்கள், ஒவ்வொன்றாக வந்து நான் இழை இழையாக வைத்த நூலை எடுத்துக்கொண்டு போயின. முதலில் எத்தனை இழை போயிற்று என்று எண்ணினேன். பிறகு, ஏன் என்று தெரியாமல், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் வந்தவர்களுக்குப் படத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. முன்னால் போனவர்களின் நெற்றியிலிருந்து தொட்டு வைத்துக்கொண்டார்கள்.

கொட்டு முழங்க, மூன்றாவதாக அவர்கள் சப்பரம் கிளம்பிப் பெரிய தெருவுக்குள் திரும்பியது. பத்தடி இடைவெளி எல்லாம் இல்லை. ஒரு மண்டிக்காரர் தன் ஆளிடம், "இன்னாடா இது, வேதக் கோயிலுக்காரங்க விபூதி வெச்சிக்கினு வர்றாங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மரியதாஸ் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றிருந்தார். நான் அவரிடம் ஓடினேன். சப்பரத்தை ஒரு நிமிஷம் இறக்கச் சொல்லுங்கள், வெட்டு திறந்து கிடக்கிறது, தையலைத் திரும்பப் போட்டுவிடுகிறேன், பெட்டி கையில்தான் இருக்கிறது என்றேன்.

அவர் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூறு பேருக்கு மேல், நெற்றியில் வெள்ளையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு தம்பி? தையலு அதோ நடந்து போவுது பாருங்க" என்றார்.

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், சப்பரத்தின் முன் கொம்பில் ஒருவனை விலக்கித் தன் தோளைக் கொடுத்தார்.